ரொட்டவேட்டர் விடுமுன் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் வீட்டுத் தோட்டக் களைகளைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. களை மண்டிய இடத்தில் ரொட்டவேட்டரை (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) இரண்டு சால் விட்டால் மண் பொலபொலவென்று ஆகிவிடும், களையும் ஒழிந்துவிடும் என்று போட்டிருந்தீர்கள். மண் பொலபொலவென்று ஆவது சரி. களை ஒழியும் என்பதில் பாதிதான் சரி. அந்தப் பேச்சை நம்பி 20 சென்ட் தோட்டத்தை, மண்ணுக்குள் கிழங்கு வைத்துப் பரவுகிற கோரை என்ற களைக்குப் பட்டா போட்டுக் கொடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், கோரை சமாச்சாரத்தை மட்டும் அப்படியே போடுங்கள்.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் கம்பியாளர். கம்பத்தில் ஏறத் தெரியுமே தவிர மண்ணில் இறங்கத் தெரியாது. வீடு காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே. வீட்டுக்குப் பின்னால் அப்பா விட்டுப்போன செம்மண் நிலம் 20 சென்ட். நான்கு முருங்கை, இரண்டு எலுமிச்சை, ஒரு பெங்களூரா மாமரம், மிச்சமெல்லாம் கத்தரி, அவரை, கீரைப் பாத்தி. ஓய்வு பெற்று வந்த வருடம் மண்ணுக்குச் சத்து சேர்க்கிறேன் என்று ஏரி வண்டல் இரண்டு டிராக்டர் லோடு வாங்கிக் கொட்டினேன். வண்டலோடு கோரைக்கிழங்கும் வந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு கயிற்றுக்கட்டில் போடும் அளவுக்குப் பச்சையாக, நெல் நாற்று மாதிரி முளைத்து நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

எங்கள் தெருவில் களை எடுக்கப் போகும் ஆயா ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். கொல்லைப்பக்கம் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இதுல மண்வெட்டிய போட்டுறாத தம்பி. ஒருத்தன வெட்டுனா பங்காளி எல்லாரும் கெளம்பி வருவானுங்க" என்றார். நான் சிரித்தேன். என் மனைவி, "ஏங்க, அந்த ஆயாவையே கூப்பிட்டு எடுத்துடலாங்க" என்றார். அதையும் கேட்கவில்லை. ஆடி மாதம் இரண்டு நல்ல மழை பெய்து மண் பதமாக இருந்தது. மணிக்கு 1,200 ரூபாய் பேசி ரொட்டவேட்டர் வண்டியை வரவழைத்து, ஒரு மூலை விடாமல் ஓட்டச் சொன்னேன். முக்கால் மணி நேரம். ஓட்டி முடித்தபோது தோட்டம் புட்டு மாவு மாதிரி இருந்தது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால் கட்டில் அளவு இருந்த கோரை கல்யாணப் பந்தல் அளவுக்கு ஆகியிருந்தது. வண்டி எந்தத் திசையில் போய் எங்கே திரும்பியது என்பதைக் கோரை முளைத்த வரிசையை வைத்தே சொல்லிவிடலாம். தொட்டி ஓரத்திலிருந்து கீரைப் பாத்திக்கு, அங்கிருந்து மாமரத்தடிக்கு, கோடு போட்ட மாதிரி.

கம்பியாளன் புத்தி, பழுது எங்கே என்று பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை அப்படியே பெயர்த்து, பழைய சாக்கின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். கிழங்கு மட்டும் 34. சுண்டுவிரல் நகம் அளவிலிருந்து நெல்லிக்காய்க் கொட்டை அளவு வரை. மேலே கறுப்பாக, ரோமம் போலச் சிலும்பு. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை, மருந்துக்கடை வாசனை. நாட்டு மருந்துக்கடையில் இதே கிழங்கைத்தான் முத்தக்காசு என்று காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். கிழங்குக்கும் கிழங்குக்கும் நடுவே கறுத்த, மெல்லிய, கட்டுக்கம்பி மாதிரியான ஒரு தண்டு. இழுத்தால் அறுகிறது. ஒன்றின் கீழ் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று சரம் சரமாகக் கோத்திருக்கிறது. பெரும்பாலும் எல்லாம் மேல் ஒரு சாண் மண்ணுக்குள்தான். அதாவது, ரொட்டவேட்டர் கத்தி சுற்றுகிற ஆழத்தில்தான்.

லைன் என்றால் எங்கே துண்டித்தாலும் அதற்கு அப்பால் கரண்ட் இருக்காது. முப்பது வருடம் அதை வைத்தே பிழைத்தேன். கோரை நேர் எதிர். சரத்தின் நுனியில் முளைத்து நிற்கிற கிழங்கு, பின்னால் இருக்கிற மற்றக் கிழங்குகளை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கிறது. வீட்டில் மாமியார் இருக்கும்வரை மருமகள்கள் வாய் திறக்காத மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் (என் மனைவி இந்த உதாரணத்தை எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை). கத்தி அந்தச் சரத்தைத் துண்டாக்கியதும் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் போய்விடுகிறது.

இதையும் நம்பாமல் அடுத்த சித்திரையில் நான்கு பெயிண்ட் வாளிகளில் சோதித்துப் பார்த்தேன். முதல் வாளியில் ஐந்து கிழங்குள்ள சரத்தை அறுக்காமல் அப்படியே புதைத்தேன். இரண்டாவதில் அதேபோல் ஐந்து கிழங்குச் சரத்தைக் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டிப் புதைத்தேன். முதலாவதில் இரண்டு முளைதான் வந்தது. இரண்டாவதில் ஐந்துக்கு ஐந்தும் வந்தன. இன்னும் பத்துக் கிழங்குகளை மொட்டைமாடியில் சாக்கில் பரப்பி, பத்து நாள் சித்திரை வெயிலில் காயவிட்டேன். சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிப் போயின. மூன்றாவது வாளியில் புதைத்துத் தினமும் தண்ணீர் விட்டேன். ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. அதே பத்து நாளும் மாடியில் ஈரமான மண்கட்டிக்குள் மறைந்து கிடந்தவற்றில் ஐந்தை நான்காவது வாளியில் வைத்தேன். அவற்றில் மூன்று முளைத்தன.

இதுதான் முழுச் சங்கதியும். ஈர மண்ணில் துண்டு போட்டால் கோரை பெருகும். காய்ந்த மண்ணில் பெயர்த்து வெயிலுக்குக் காட்டினால் சாகும். உழுவது ஒன்றுதான், எந்த மாதம், எந்தக் கருவி என்பதில்தான் பலன் தலைகீழாகிறது. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் கோடை உழவுக்கு ஓட்டியது கொழு வைத்த கலப்பை. அது மண்ணைக் கீறிச் சரத்தை இழுத்து மேலே போடும். இன்றைக்கு டிராக்டரில் மாட்டும் கொக்கிக் கலப்பையும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. ரொட்டவேட்டர் கொத்துக்கறி போடும். அதிலும் ஆடி மழை ஈரத்தில் போட்டால் கேட்கவே வேண்டாம்.

அருகம்புல்லும் இதே ஜாதிதான். கிழங்கு கிடையாது, கணுதான். தரைக்கு மேல் ஓடுகிற கொடியிலும் தரைக்குக் கீழ் ஓடுகிற வெள்ளைத் தண்டிலும் ஒவ்வொரு கணுவும் ஒரு விதை மாதிரி. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று கல்யாணத்தில் வாழ்த்தும்போது நமக்கு இது நன்றாகத் தெரிகிறது, மண்வெட்டியைத் தூக்கும்போது மறந்துவிடுகிறது. கானாவாழையும் வெட்டிப் போட்ட இடத்தில் ஈரம் இருந்தால் கணுவில் வேர் விடும். அதில் ஒரு வேடிக்கை, மேலே நீலப் பூ பூத்து விதை வைப்பது போதாதென்று மண்ணுக்குள்ளும் பூத்து விதை வைக்கிறது. மேல்பூவைப் பார்த்து அறுத்துவிட்டோம் என்று நாம் திருப்தியாக இருப்போம்.

அப்படியானால் எந்தக் களைக்குத்தான் கொத்தும் உழவும் ஆகும் என்று கேட்பீர்கள். விதையால் மட்டும் வருகிற ஒரு பருவக் களைகளுக்கு ஆகும். சாரணை, குப்பைமேனி, முள்ளுக்கீரை, தும்பை, பார்த்தீனியம் இவையெல்லாம் வேரோடு பிடுங்கினாலோ கழுத்தோடு செதுக்கினாலோ போய்விடும். பிஞ்சாக இருக்கும்போது செதுக்க வேண்டும், பூ எடுக்க விடக்கூடாது, அவ்வளவுதான். தரைப்பசலை என்று சொல்கிற பருப்புக்கீரை மட்டும் தந்திரக்காரி. தண்டில் தண்ணீர் வைத்திருப்பதால் பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டால் நான்கு நாள் கழித்து மறுபடி வேர் பிடித்துப் படுத்திருக்கும். அதைப் பிடுங்கிக் குழம்பு வைத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் அது துவரம்பருப்போடு வேகிறது.

ஆனால் இந்த விதைக் களைகளிலும் நான் ஒரு தடவை ஏமாந்தேன். முருங்கை வரிசைக்கு நடுவே ஆறேழு வருடமாகக் கொத்தாமல் சருகு மூடிக் கிடந்த இடம். களையே கிடையாது. அகல உழுவதிலும் ஆழ உழு என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழ ஆழத்துக்குக் கடப்பாரை போட்டுப் புரட்டினேன். புரட்டாசியில் ஒரு மழை. ஒரு வாரத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி முள்ளுக்கீரையும் பார்த்தீனியமும். அந்த இடத்தில் பார்த்தீனியத்தை நான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. என் பேத்தி, "தாத்தா, நீ விதைச்சியா?" என்று கேட்டாள். விதைத்தது நானில்லை, கதவைத் திறந்தது நான்.

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் கேழ்வரகை நிலத்தில் குழி வெட்டிக் கொட்டி, காற்றுப் புகாமல் மூடி வைப்பார்கள். பஞ்ச காலத்தில் திறந்தால் வருடக்கணக்கில் கிடந்த தானியம் கெடாமல் இருக்கும். களை விதைக்கு மொத்த நிலமுமே அந்தக் குழிதான். ஆழத்தில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் தூங்கிக்கொண்டே பல வருடம் உயிரோடு கிடக்கும். பொடி விதைகள் மேல் ஓரிரு அங்குலத்துக்குள் இருந்தால்தான் முளைத்து வெளியே வர முடியும். பலவற்றுக்கு ஒரு கணம் வெளிச்சம் பட்டாலே போதும், எழுந்துகொள்ளும். நாம் மண்ணைப் புரட்டும்போது அடியில் கிடந்ததை மேலே கொண்டுவந்து, வெளிச்சமும் காட்டி, ஈரமும் கொடுக்கிறோம். இதற்காகவே வெளிநாட்டில் இரவில் விளக்கில்லாமல் உழுது பார்த்திருக்கிறார்கள், சில களைகள் குறைந்தும் இருக்கின்றன. நான் இரவில் வேலை பார்த்துச் சலித்தவன், அந்தச் சோதனைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். கீரைப் பாத்தியை அதிகம் கிளறுவதில்லை. விதைக்கும் முன் தண்ணீர் மட்டும் விட்டுப் பத்து, பன்னிரண்டு நாள் சும்மா விடுகிறேன். மேலாகக் கிடக்கிற களை விதையெல்லாம் ஏமாந்து முளைத்து வரும். இரண்டு இலை விட்டதும் வெயில் ஏறுகிற நேரத்தில் களைக்கொத்தால் அரை அங்குல ஆழம் மட்டும் சுரண்டிவிட்டு, அப்புறம் கீரையைத் தூவுகிறேன். மண்ணைப் புரட்டினால் புதுக் கூட்டம் வந்துவிடும் என்பதால் சுரண்டுவதோடு சரி. முன்பு கீரைக்கு மூன்று தடவை களை எடுத்தோம், இப்போது ஒரு தடவை போதும் என்கிறார் மனைவி. தொழுவுரத்தையும் பச்சையாகப் போடுவதில்லை. மாடு தின்ற களையின் விதை சாணத்தில் சாகாமல் வருகிறது, நன்றாகச் சூடேறி மக்கினால்தான் சாகும்.

கோரைக்குத்தான் இரண்டு வருடப் பாடுபட்டேன். ஆயாவிடமே போய்த் தலையைச் சொரிந்துகொண்டு நின்றேன். அவர் திட்டாமல் வந்தார், அதுவே பெரிய விஷயம். சித்திரையில் நிலம் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தபோது கடப்பாரையால் கட்டி கட்டியாகப் பெயர்த்து, கட்டியை உடைத்து, சரத்தை அறுக்காமல் இழுத்து வெயிலில் போட்டோம். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை கிளறிவிட்டோம். மழைக்குப் பிறகு தப்பிப் பிழைத்தவை முளைத்தன. அவற்றைத் தோண்டவில்லை. பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தளிரைக் கையால் கிள்ளி எடுத்தோம். வெளியே வந்த மூன்று, நான்கு வாரத்தில் அது புதுக் கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் கிள்ளிக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கின் கையிருப்பு தீர்ந்துகொண்டே வரும். கூடவே அந்த இடம் முழுக்கத் தட்டைப்பயறும் மஞ்சள் பூசணியும் போட்டு நிழல் கட்டினோம். வெயிலில் ராஜாவாக இருக்கிற கோரைக்கு நிழல் ஆகாது, வெளுத்து மெலிந்துவிடும்.

முழுக்க ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். தொட்டி ஓரம் இன்னும் முப்பது, நாற்பது தளிர் வருகிறது. ஆனால் மாமரத்தடியும் கீரைப் பாத்தியும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்காரர்கள் பார் கட்டி, களை வராமல் மண்ணை மூடுகிற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் விரித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மற்றக் களையெல்லாம் அதன் அடியில் வெந்து போகும். கோரை மட்டும் ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்து நிற்கும். என் மைத்துனன் நிலத்தில் புது ஷீட் ஒரு மாதத்தில் சல்லடை ஆனதை நானே பார்த்தேன். ஷீட் விரிக்கும் முன் அவனும் ஈரத்தில் ரொட்டவேட்டர் இரண்டு சால் விட்டிருந்தான். ஷீட்டுக்குச் செலவழிப்பவர்கள் அதற்கு முந்தைய கோடையில் ஒரு கொக்கிக் கலப்பை உழவுக்குச் செலவழித்தால் லாபம் என்பது என் கணக்கு. நான் விவசாயம் படித்தவனல்ல. நம் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களையை வேரோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டிக் கேட்டுவிட்டு வண்டிக்குச் சொல்லலாம்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, இனி களையைப் பற்றிப் போடும்போது எந்தக் களைக்கு என்று பெயர் சொல்லிப் போடுங்கள். பொதுவாகக் களை என்று ஒன்று தோட்டத்தில் முளைப்பதில்லை. கோரையும் சாரணையும் ஒரே பாத்தியில் நிற்கும், ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்குத் தீனி.

இரண்டாவது, வாடகைக்கு ரொட்டவேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு. ஒரு நிலம் முடிந்து அடுத்த நிலத்துக்குள் இறங்கும் முன் கத்தியையும் மூடித் தகட்டையும் சுத்தம் செய்துவிட்டு இறங்குங்கள் என்று ஒரு வரி போடுங்கள். வேலை இருக்கிற நாளில் ஒரே வண்டி நாலைந்து தோட்டத்தில் இறங்குகிறது. ஓட்டுநரைக் குறை சொல்லவில்லை, மணிக் கணக்கு வாடகையில் கழுவுகிற நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? நிலத்துக்காரர்தான் கொடுக்க வேண்டும். கால் மணி நேர வாடகைதான் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து நிலத்துக்கு வண்டி வந்தது. அந்த நிலத்தில் கோரை கிடையாது, வேலிக்கு இந்தப் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது. வண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஏரிக்கரைத் தோட்டம் என்றார் ஓட்டுநர். மோட்டாரைப் போட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு போய், அவர் பீடி பிடித்து முடிப்பதற்குள் ஒரு இரும்புக் கம்பியால் கத்திகளுக்கு நடுவே அடைத்திருந்த மண்ணைக் குத்தி எடுத்துத் தார்ச்சாலை ஓரத்தில் கழுவினேன். "என்னண்ணா, வண்டிக்கு ஆயுத பூஜையா?" என்று கேட்டார். கழுவிய மண்ணை அள்ளிச் சல்லடையில் சலித்ததில் ஒரு கைப்பிடி அருகம்புல் கணுவும் 19 கோரைக்கிழங்கும் கிடைத்தன. அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா இதையா ஊரெல்லாம் வெதச்சிட்டிருந்தேன்" என்றார். அந்த 19-ம் இப்போது மொட்டைமாடியில் காய்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கம்பியாளர் ஒருவர்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.